வாழை, கொட்டுக்காளி, லப்பர் பந்து, மெய்யழகன்: ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் எது?

2024 ஆகஸ்ட் 23 அன்று வாழை, கொட்டுக்காளி இரண்டும் ஒரே நாளில் வெளியாயின. செப்டம்பர் 20 லப்பர் பந்து. அதற்கு அடுத்த வெள்ளி, 27, மெய்யழகன். ஐந்தாறு வாரத்துக்குள் தமிழில் இப்படி நாலு படங்கள், ஒன்றுக்கொன்று சாயலே இல்லாமல். இந்த நாலையும் அண்மையில்தான் வீட்டில் அடுத்தடுத்துப் பார்த்து முடித்தேன், சிலதைத் தனியாக, சிலதை எல்லாரோடும் உட்கார்ந்து.

பார்த்து முடித்ததிலிருந்து நண்பர்களும் சொந்தக்காரர்களும் கேட்பது ஒரே கேள்வி. "ஞாயித்துக்கிழமை ஒரு படம் போடலாம்னு இருக்கோம், இந்த நாலுல எது?" எது நல்ல படம் என்று கேட்டால் நாலுமே நல்ல படம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம், அது உண்மையும்கூட. எதைப் போடுவது என்பது வேறு கேள்வி. அறையில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், படம் முடிந்து விளக்கைப் போட்டதும் என்ன பேச்சு கிளம்பும், அந்தப் பேச்சுக்கு அந்த வீடு தயாரா, இதை வைத்துத்தான் நாலையும் நான் எடைபோடுகிறேன். கதையைத் தொடாமல் இதைச் சொல்ல வழியில்லை, ஆனால் கடைசிக் காட்சிகளை முடிந்தவரை தள்ளியே வைக்கிறேன்.

என் தேர்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரியவர்களும் வளர்ந்த பிள்ளைகளும் சேர்ந்து உட்காரும் வீடு என்றால் லப்பர் பந்துதான், யோசிக்கவே வேண்டாம். தமிழரசன் பச்சமுத்துவுக்கு இது முதல் படம் என்பதை நம்புவது கஷ்டம், அவ்வளவு நிதானம். ஊர் ஊராகப் போய் ரப்பர் பந்தில் டோர்னமென்ட் ஆடும் கெத்து என்கிற பூமாலையாக அட்டகத்தி தினேஷ். மகளுக்குக் கல்யாண வயசு வந்த பிறகும் மட்டையைக் கீழே வைக்காத ஆள். அவரை எப்படி அவுட்டாக்கலாம் என்று ஒரு பையன் எங்கோ சொன்னது அவர் காதில் விழுகிறது, அங்கே பிடித்துக்கொள்கிறது வீம்பு. அந்தப் பையன் அன்பு, ஹரிஷ் கல்யாண். அவன் காதலிக்கும் துர்கா யாருடைய மகள் என்பதை நீங்களே ஊகித்துவிடலாம். கேட்டால் மாமனார் மருமகன் மோதல் கதை, பழகிய கதைதான். ஆனால் படம் நிற்பது அந்த மோதலில் இல்லை, இந்த இரண்டு ஆண்களைச் சுற்றியிருக்கும் பெண்களில்.

கெத்துவின் மனைவி யசோதையாக ஸ்வாசிகா. ஆட்டத்தையே கதியென்று கிடக்கும் கணவனைப் பார்த்துப் பார்த்து வெறுத்து, ஒருநாள் டிராக்டரை ஓட்டிக்கொண்டு வந்து பிட்சையே உழுதுவிட்டுப் போகிறாள். சிரிப்பு வரும், கூடவே அவள் பக்கம்தான் நியாயம் என்றும் தோன்றும். வீட்டில் பார்த்தபோது இந்தக் காட்சிக்கு அம்மா சத்தம் போட்டுச் சிரித்தார், அப்பா ஒன்றும் பேசவில்லை. கெத்துவும் யசோதையும் சாதி கடந்து கல்யாணம் செய்துகொண்டவர்கள். அந்த வீட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் இடையில் இருக்கும் மரியாதையை இவ்வளவு இயல்பாக, உபதேசத்தின் வாடையே இல்லாமல், தமிழ்ப் படங்களில் நான் அதிகம் பார்த்ததில்லை. இரண்டு பேருக்கும் கோபம் வருகிறது, வருத்தம் வருகிறது, ஆனால் யாரையும் வில்லியாக்கிக் கதை நகர வேண்டிய அவசியமே இயக்குநருக்கு வரவில்லை.

சாதியும் அப்படித்தான் உள்ளே வருகிறது. சின்ன வயசில் அன்புவை ஊர் அணிக்குள் விடாததற்குக் காரணம் அவன் ஆட்டம் இல்லை என்பது ஊருக்கே தெரியும். யாரும் அதை வாயைத் திறந்து சொல்வதில்லை, சொல்லாமலேயே காரியம் நடந்துவிடுகிறது. அணியில் நல்லவர்கள் இல்லாமல் இல்லை, அன்புமேல் உயிரையே வைத்திருக்கிறவர்களும் உண்டு, ஆனால் கூட இருக்கிறவனை எதிர்த்துக் கேட்க வேண்டிய நேரத்தில் வாய் அடைத்துப்போகிறது. கொடுமைக்காரனைவிட இந்த வாயடைத்த நல்லவர்கள்தான் எனக்கு நெருக்கமாகப் பட்டார்கள், ஏனென்றால் எல்லார் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார். படம் முடிந்த பிறகு பேச்சு அங்கே போவது நிச்சயம். "நம்ம வீட்டுல இப்படி ஒரு கல்யாணம் வந்தா?" என்று யாராவது ஒருவர் ஆரம்பிப்பார்கள். படம் ஏற்கெனவே எல்லாரையும் சிரிக்க வைத்துத் தளர்த்தியிருப்பதால் அந்தக் கேள்வி சண்டையாகாமல் பேச்சாகவே நிற்க வாய்ப்பு அதிகம். இதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. விஜயகாந்த் 2023 டிசம்பர் 28-இல் மறைந்தார், அதற்கு அடுத்த ஆண்டில் வந்த படம் இது. கெத்து அவருடைய ரசிகர். அவர் களத்தில் இறங்கும்போது 1989-இல் வந்த பொன்மனச் செல்வன் படத்தில் இளையராஜா போட்ட "நீ பொட்டு வச்ச தங்கக் குடம்" ஒலிக்கிறது. ஐம்பதைத் தாண்டியவர்கள் யாராவது அறையில் இருந்தால் அந்த நிமிடத்தில் அவர்கள் முகத்தைப் பாருங்கள். குறை என்றால், கடைசி அரைமணியில் எல்லா மனஸ்தாபங்களும் கொஞ்சம் வேகமாகவே தீர்ந்துவிடுகின்றன. கிரிக்கெட் தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம், விதிமுறை எதுவும் தெரியாமலேயே முழுப் படமும் புரியும்.

மெய்யழகனை இரண்டாவதாக வைக்கிறேன், ஒரு நிபந்தனையோடு. வீட்டில் சொத்துத் தகராறு ஏதாவது புகைந்துகொண்டிருந்தால் அல்லது அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தால், இதை எல்லாரும் சேர்ந்து பார்ப்பதற்கு முன்னால் ஒருவர் தனியாகப் பார்த்துவிடுங்கள். 96 எடுத்த சி. பிரேம்குமாரின் படம். 1996-இல் உறவுக்குள்ளேயே எழுந்த தகராறில் பூர்வீக வீட்டை இழந்து தஞ்சாவூரைவிட்டுக் கிளம்புகிறது ஒரு குடும்பம். 22 வருஷம் கழித்து அந்த வீட்டுப் பையன் அருள்மொழி (அரவிந்த்சாமி), தங்கை முறையுள்ள புவனாவின் கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறான். மண்டபத்தில் முகத்தைக் காட்டிவிட்டு அன்று ராத்திரியே ஓடிவிட வேண்டும் என்ற திட்டத்தோடுதான் வருகிறான். அங்கே "அத்தான், அத்தான்" என்று ஒட்டிக்கொள்ளும் ஒருவன் (கார்த்தி), அவன் யார், பேர் என்ன என்று அருளுக்கு நினைவே இல்லை. கேட்கவும் கூச்சம். பஸ்ஸைத் தவறவிட்டு அவன் வீட்டிலேயே தங்குகிறான். கதை என்று சொன்னால் இவ்வளவுதான்.

முதல் பாதி எனக்கு இந்த நாலு படங்களிலும் கிடைத்த பெரிய சந்தோஷம். மேடையில் புவனாவுக்குத் தான் கொண்டுவந்த நகைகளை அருள் ஒவ்வொன்றாகப் போட்டுவிடும் காட்சியில் வசனம் ஏறக்குறைய இல்லை, அழாமல் பார்த்தவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். மண்டபத்தில் ஒரு பெண் வந்து பேசிவிட்டுப் போகிறாள், உன்னைக் கட்டியிருந்தால் நன்றாக இருந்திருப்பேன் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு. அவளுக்கு அதற்குப் பிறகு படத்தில் இடமில்லை. அந்த ஒரு நிமிடத்தில் ஒரு முழு வாழ்க்கையும் அதன் அலுப்பும் தெரிந்துவிடுகிறது. ராஜ்கிரண் வரும் இடங்களும் அப்படியே, உட்கார்ந்திருப்பதிலேயே பாசம் தெரிகிற மனுஷர். ஊருக்குப் போகாமல் இருந்துவிட்ட எல்லாருக்கும் ஒரு மண்டபம் மனசுக்குள் இருக்கும், இந்தப் படம் நேராக அங்கே கூட்டிப்போய்விடுகிறது. கமல்ஹாசன் பாடியிருப்பதும், கோவிந்த் வசந்தாவின் இசையும் அதற்குத் துணை.

ராத்திரிப் பேச்சு தொடங்கிய பிறகுதான் எனக்குச் சிக்கல். ஜல்லிக்கட்டு, வரலாறு, ஈழம் என்று கார்த்தியின் பாத்திரம் பேசிக்கொண்டே போகிறது. பேசுகிற விஷயங்கள்மேல் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் அதுவரை ஒரு மனுஷன் இன்னொரு மனுஷனிடம் பேசிக்கொண்டிருந்தான், இப்போது இயக்குநர் நம்மிடம் பேசுகிறார் என்று தோன்றிவிடுகிறது. முதலில் ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஓடிய படம், வெளியான கொஞ்ச நாளில் சுமார் 18 நிமிடங்களைக் குறைத்தார்கள். குறைத்த பிறகும் பொறுமை தேவைப்படுகிறது. கர்ப்பிணி மனைவியாக வரும் ஸ்ரீதிவ்யாவுக்குச் சிரித்த முகத்தோடு உபசரிப்பதைத் தவிர வேலை கொடுக்கவில்லை என்பது எனக்கு உறுத்தியது, லப்பர் பந்துக்குப் பிறகு பார்த்ததால் இன்னும் கூடுதலாக. ஆனாலும் அந்தப் பழைய சைக்கிள் பற்றிய விஷயம் வெளிவரும்போது அருள் உடைந்துபோகிறானே, அதற்காக எவ்வளவு நீளத்தையும் பொறுத்துக்கொள்ளலாம். நாம் மறந்தே போன ஒன்று இன்னொருவர் வீட்டில் விளக்கேற்றி வைக்கப்பட்டிருக்கிறது என்று தெரியவந்தால் எப்படி இருக்கும்? நன்றியைவிடக் குற்ற உணர்ச்சி முந்திக்கொண்டு வரும் என்பதைப் படம் சரியாகப் பிடித்திருக்கிறது.

பிறகு வீட்டில் எழும் பேச்சு, ஊர்ப் பேச்சு. யார் யார் எங்கே இருக்கிறார்கள், அந்த வீட்டை இப்போது யார் வைத்திருக்கிறார்கள், கடைசியாக எப்போது போனோம். இந்தப் பேச்சு இதமாகவும் போகலாம், பழைய கணக்குகளைத் தோண்டவும் தோண்டலாம். அதனால்தான் மேலே சொன்ன நிபந்தனை.

லப்பர் பந்தா, மெய்யழகனா என்று இரண்டில் ஒன்றைக் கேட்பவர்களுக்கு நேரடியான பதில்: அறையில் இருப்பவர்களில் பாதிப்பேருக்கு வயசு இருபதுக்குள் என்றால் லப்பர் பந்து, எல்லாருமே நாற்பதைத் தாண்டியவர்கள் என்றால் மெய்யழகன். இளசுகளுக்கு மெய்யழகன் பிடிக்காது என்று சொல்லவில்லை. விட்டுவிட்டு வந்த ஊர் என்று ஒன்று இருந்தால்தான் அது முழுசாக இறங்கும் என்று நினைக்கிறேன்.

வாழை பற்றிச் சுருக்கமாகச் சொல்ல ஆசைதான், முடியுமா தெரியவில்லை. மாரி செல்வராஜ் தன் சொந்தப் பிள்ளைப் பருவத்திலிருந்து எடுத்த கதை. பரியேறும் பெருமாள், கர்ணன், மாமன்னன் மூன்றுக்கும் பிறகு அவர் தன் வீட்டுக்கே திரும்பிப் போயிருக்கிறார். பள்ளிக்கூடம் போக ஆசைப்படும் சிவனைந்தானுக்கு சனி, ஞாயிறு வந்தாலே வயிற்றைக் கலக்கும், ஏனென்றால் லீவு நாளில் வாழைத்தார் சுமக்கப் போக வேண்டும். பொன்வேல் என்ற பையன் நடித்திருக்கிறான், நடிப்பு என்று சொல்வதே தப்பாகப் படுகிறது. அவனும் அவன் கூட்டாளி சேகரும் ரஜினி, கமல் என்று அடித்துக்கொள்வதும், பூங்கொடி டீச்சர்மேல் அவன் வைத்திருக்கும் பிரியமும் படத்தின் பாதிவரை நம்மைச் சிரித்த முகத்தோடு கூட்டிப்போகும். அதை நம்பி பிள்ளைகளோடு உட்கார்ந்துவிடாதீர்கள் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும். ஒரு ரூபாய் கூலி உயர்வு கேட்டுப் பெற்றதற்கு விலை என்னவாக ஆகிறது என்பதில் போய் முடிகிறது படம். செலவை மிச்சப்படுத்தச் சுமை தூக்குபவர்களை வாழைத்தார் லோடுமேலேயே ஏற்றி அனுப்புகிறார்கள் என்பது வரை சொன்னால் போதும். நடந்த விபத்தை வைத்து எடுத்தது.

கடைசிப் பகுதியில் பசியும் சாவும் ஒரே நேரத்தில் ஒரு வீட்டுக்குள் இருக்கின்றன. அழுகைக்கு நடுவில் ஒரு பிள்ளைக்குப் பசிக்கிறது. அந்தப் பசிக்கு அவன் வெட்கப்பட வேண்டுமா? படம் முடிந்த பிறகு எங்கள் வீட்டில் பேச்சே எழவில்லை, ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டோம். அப்படி ஆவதுதான் சரி என்றும் தோன்றியது. எல்லாப் படமும் பேச வைக்க வேண்டியதில்லை. டீச்சர் வரும் காட்சிகளில் சில நீளம், கனவு போன்ற காட்சிகளில் இயக்குநர் ஒரு குறியீட்டைச் சொன்னது போதாமல் மறுபடியும் சொல்கிறார் என்பது என் குறை. ஆனால் சந்தோஷ் நாராயணனின் இசை, தேனி ஈஸ்வரின் கேமரா, எல்லாவற்றுக்கும் மேல் அந்த இரண்டு பையன்கள். பத்து வயசுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளோடு வேண்டாம். வீட்டில் அண்மையில் துக்கம் நடந்திருந்தால் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம்.

கொட்டுக்காளியைத் தனியாகப் பார்த்தேன். நாலில் எனக்கு மிக முக்கியமான படம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன், ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்குக் கேட்பவர்களுக்கு இதைச் சொல்லத் தயங்குகிறேன். பி.எஸ். வினோத்ராஜின் முந்தைய படமான கூழாங்கல் 2021-இல் ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது பெற்றது. இந்தப் படம் 2024-இல் பெர்லின் விழாவில் திரையிடப்பட்டது. தயாரிப்பு சிவகார்த்திகேயனின் நிறுவனம். விழாப் படம் என்றதும் விலகிப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கதை ரொம்ப எளிமையானது. மீனா (அன்னா பென்) வேறு சாதிப் பையனை விரும்புகிறாள், அவளைக் கட்டிக்கொள்ள முறைமாமன் பாண்டி (சூரி) காத்திருக்கிறான், பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று முடிவு கட்டி ஒரு சாமியாடியிடம் கூட்டிப்போகிறார்கள். பெண்களும் மீனாவும் ஷேர் ஆட்டோவில், ஆண்கள் பைக்கில், கூடவே பலி கொடுக்க ஒரு சேவல். அந்தப் பயணம்தான் படம். மீனா ஏறக்குறைய வாயே திறக்க மாட்டாள். பின்னணி இசை என்று ஒன்று கிடையாது. ஆட்டோ சத்தம், காற்று, தூரத்து ஒலிபெருக்கி, தொண்டை கட்டிப்போய்க் கழுத்தில் சுண்ணாம்பு பூசியிருக்கும் பாண்டியின் கரகரத்த குரல், இவ்வளவுதான்.

சூரியை இதுவரை நாம் பார்த்தவிதம் எல்லாம் மறந்துபோகிறது. அவன் மீனாவை விரும்புகிறான் என்பது உண்மை, அந்த விருப்பம்தான் அவளை அடிக்கவும் வைக்கிறது. நடுவில் எங்கிருந்தோ கேட்கும் ஒரு பாட்டை அவள் முணுமுணுக்கிறாள், அவ்வளவுதான், வண்டியை நிறுத்தி ஆள் பேர் பார்க்காமல் எல்லாரையும் அடித்து நொறுக்குகிறான். அந்தக் காட்சியில் கேமரா கண்ணைத் திருப்பிக்கொள்வதில்லை. இன்னோர் இடத்தில் ஒரு காளை வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது. இத்தனை வீராப்பான ஆண்களும் ஒதுங்கி நிற்க, ஒரு சின்னப் பெண் வந்து சாதாரணமாக ஓட்டிக்கொண்டு போய்விடுகிறாள். அரங்கில் பார்த்திருந்தால் கைதட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். படம் அதற்குக்கூட நின்று காத்திருக்காமல் அடுத்த வளைவுக்குப் போய்விடுகிறது.

முடிவு பலருக்குக் கோபத்தை வரவழைத்தது, "இதோட முடிஞ்சிடுச்சா?" என்று. சாமியாடி அங்கே இன்னொரு பெண்ணுக்குச் செய்வதைப் பாண்டி பார்க்கிறான். அதற்குப் பிறகு என்ன என்பதைப் படம் சொல்ல மறுக்கிறது. எனக்கு அது சரியாகப் பட்டது. லப்பர் பந்தில் கெத்து மனசு மாறுவதை நாம் கண்ணால் பார்த்து நிம்மதி அடைகிறோம். இங்கே பாண்டி மாறுவானா மாட்டானா என்று நமக்குத் தெரியாது, அந்தத் தெரியாமையை வீட்டுக்குக் கொண்டுபோ என்கிறார் இயக்குநர். மெய்யழகனில் பாசமாக வரும் அதே உறவு முறைகள், மாமா, அத்தான், மச்சான், இந்த ஆட்டோவைச் சுற்றி வரும்போது ஒரு பெண்ணைத் தப்பவிடாத வேலியாக நிற்கின்றன. இந்த இரண்டு படங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இரண்டுமே இன்னும் கூர்மையாகத் தெரியும் என்பது என் அனுபவம். பிரேம்குமார் காட்டும் உறவும் பொய்யில்லை, வினோத்ராஜ் காட்டுவதும் பொய்யில்லை.

நடைமுறைக்கு வருவோம். நேரம் குறைவு என்றால் கொட்டுக்காளி ஒன்றே முக்கால் மணிக்குள் முடிந்துவிடும், ஆனால் நடுவில் நிறுத்தி டீ போட்டுவிட்டு வந்து தொடர்கிற படம் இல்லை அது. சத்தம்தான் அதற்கு இசை, அதனால் மிக்ஸியும் ஃபோனும் ஓடும் வீட்டில் போட்டால் பாதிப் படம் போய்விடும். ஹெட்ஃபோன் இருந்தால் நல்லது. வாழைக்கும் இருட்டும் அமைதியும் வேண்டும், இரண்டேகால் மணி நேரம். மெய்யழகனை நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம், ஒன்றும் கெட்டுவிடாது, முதல் பாதி ஒரு நாள் ராத்திரி, மீதி மறுநாள் என்றுகூடப் பார்க்கலாம். லப்பர் பந்தை எத்தனை பேர் நடுவில் பேசினாலும், குழந்தை குறுக்கே ஓடினாலும் பார்த்துவிட முடியும்.

வாழையையும் கொட்டுக்காளியையும் ஒரே வாரத்தில் வைக்க வேண்டாம், இரண்டும் மனசில் இடம் கேட்கும் படங்கள். நாலையும் பார்க்க நினைப்பவர்களுக்கு என் வரிசை: லப்பர் பந்து, மெய்யழகன், கொஞ்சம் இடைவெளி விட்டு கொட்டுக்காளி, அப்புறம் வாழை. கல்யாண வயசில் பெண்ணோ பையனோ இருக்கும் வீடுகளுக்கு மட்டும் வரிசையை மாற்றிச் சொல்வேன். லப்பர் பந்து பார்த்த அடுத்த வாரமே கொட்டுக்காளியைப் போடுங்கள், அந்தப் பேச்சு ஆறுவதற்குள். யாராவது ஒருவர் "இதுல பாட்டுகூட இல்லையே" என்று பாதியில் எழுந்து போனால் தடுக்க வேண்டாம், காளை வரும் இடத்தில் மட்டும் ஒரு குரல் கொடுத்துக் கூப்பிடுங்கள்.